சர்க்கரைக்குப் பரம்பரை, சதைக்கு மட்டும் பழியா?

போன தை மாதம் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம். காலைப் பந்தியில் நானும் என் மகளும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு 14 வயது. கவுனி அரிசி வந்தது, வெள்ளைப் பணியாரம் வந்தது. பரிமாறுகிற பையன் அவள் இலையில் இரண்டாவது பணியாரத்தை வைக்கக் குனிந்தபோது எதிர்வரிசையிலிருந்து ஒரு ஆச்சி குரல் கொடுத்தார்.

"ஏப்பா, அந்தப் புள்ளைக்குப் போதும். ஏத்தா, இந்த வயசுலயே இப்படி இருந்தா நாளைக்கு யாருத்தா கட்டிக்கிருவா? உங்க ஆத்தாதான் சொல்றதில்ல, நீயாவது வாயைக் கட்டக்கூடாதா?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் மகள் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். பந்தியில் பாதியில் எழுந்தால் மரியாதைக் குறைவு என்பார்கள், அதற்கும் ஒரு பேச்சு வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவங்க, கல்யாண வீடு என்று நினைத்துச் சிரித்து மழுப்பினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆச்சியைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வராது. என் பிரசவ சமயத்தில் ஆத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கிப் பத்தியம் சமைத்துப் போட்டவர் அவர். இந்த மாதிரிப் பேச்சைப் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான் பேசுகிறார்கள். "நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்று உண்மையாகவே நம்பிப் பேசுகிறார்கள். யாரோ ஒருவர் சொன்னால் உதறிவிட்டுப் போகலாம். பாசமுள்ளவர் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் அன்று அதே பந்தியில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாலு இலை தள்ளி என் அண்ணன். ஒல்லியான ஆள். 41 வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. அன்றைக்குக் கவுனி, மூன்று பணியாரம், மேலே ஒரு கிண்ணம் பால்பணியாரம் எல்லாம் சாப்பிட்டார். அவரைப் பார்த்து அதே ஆச்சி சொன்னது இது: "பாவம், நீ என்னப்பா செய்வ? உங்க ஐயாவுக்கு இருந்துச்சு, அப்பச்சிக்கு இருந்துச்சு. பரம்பரை. மாத்திரையைப் போட்டுக்கிட்டு ரெண்டு வாய் சாப்பிடு."

எங்கள் பக்கம் ஐயா என்றால் தாத்தா, அப்பச்சி என்றால் அப்பா. ஐயாவிடமிருந்து அண்ணனுக்குச் சர்க்கரை வந்தது. அப்பத்தாவிடமிருந்து எனக்கு இந்த உடம்பு வந்தது. முகம், கை, இடுப்பு எல்லாம் அப்படியே அப்பத்தா என்று பழைய படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. அவருக்கு வந்தது விதி என்கிறார்கள், எனக்கு வந்தது என் குணக்கேடு என்கிறார்கள். அண்ணனுக்குக் கிடைத்த இரக்கம் தப்பே இல்லை, அது அவருக்கு வேண்டியதுதான். அந்த இரக்கம் நாலு இலை தள்ளி என் மகளிடம் வருவதற்குள் எங்கே போனது என்றுதான் கேட்கிறேன்.

கண்ணால் பார்த்தே ஒருத்தர் உடம்பை எடை போட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யட்கினும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதினார்கள். உயரத்துக்கும் எடைக்குமான பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், நம் ஊர்க்காரருக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லியாக இருந்துகொண்டே உள்ளே கொழுப்பைச் சேர்த்துவைக்கிற உடம்பு நம் மக்களில் நிறையப் பேருக்கு. பந்தியில் யார் ஆரோக்கியம், யார் இல்லை என்று எதிர்வரிசையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு என் அண்ணனே சாட்சி.

இதைப் படித்துவிட்டு "அப்ப குண்டா இருக்கறது நல்லதா?" என்று சிலர் கேட்கப்போகிறார்கள். நல்லது என்று நான் சொல்லவில்லை. முட்டி வலி எனக்குத் தெரியும். ஈரலில் கொழுப்பு, தூக்கத்தில் மூச்சுத் திணறல், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் எடையோடு தொடர்பு உண்டு. இதை எனக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. குண்டாக இருக்கிற ஒருத்தியிடம் "நீ குண்டாக இருக்கிறாய்" என்று சொல்வதைத் தகவல் என்று நினைக்கிறவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை.

பொறுப்பு என்கிறார்கள். சரி, பொறுப்பைப் பற்றியே பேசுவோம். 2017-ல் நான் 92 கிலோ. பதினோரு மாதத்தில் 74-க்கு வந்தேன். அந்தப் பதினோரு மாதமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடந்தேன். வீட்டில் எல்லாருக்கும் குழம்பு வைத்துவிட்டு நான் அவித்த காயைத் தின்றேன். அந்த வருடம் பிள்ளையார் நோன்புக்கு இழை (திரி வைத்த மாவு) எடுத்துக்கொண்டேன், கூட இருந்த பலகாரத்தைத் தொடவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அவர்கள் பார்க்காதது ராத்திரி பத்து மணிக்கு வருகிற பசி. சாப்பிட்டு முடித்த அரைமணியில் திரும்பவும் பிராண்டுகிற பசி அது. எடை குறையக் குறைய அது அடங்கவில்லை, கூடியது.

ஏன் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. "கையிருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. எடை குறைந்தால் லெப்டின் குறையும், பசியைத் தூண்டுகிற கிரெலின் கூடும், உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கிற சக்தியும் குறையும். உடம்பைப் பொறுத்தவரை ஊருக்குப் பஞ்சம் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து எடை குறைக்கச் செய்து, அதற்குப் பிறகு ஒரு வருடம் கழித்துச் சோதித்தார்கள். அப்போதும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2011-ல் வந்த ஆய்வு இது. படித்த அன்று அழுதேன். அந்தப் பத்து மணிப் பசிக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது என் பேராசை இல்லை என்று ஒருவராவது எழுதிவைத்திருக்கிறார்களே என்று.

2020-ல் திரும்பவும் 89 கிலோ. பாராட்டியவர்களே "என்ன, விட்டுட்டியா?" என்று கேட்டார்கள். நான் எதையும் விடவில்லை. இன்றைக்கும் காலையில் நடக்கிறேன். காரைக்குடியில் காலேஜ் ரோட்டுப் பக்கம் நடந்தால், பைக்கில் போகிற பையன்கள் திரும்பிப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டில் உட்கார்ந்தால் சோம்பேறி, வெளியே நடந்தால் வேடிக்கை. என் பொறுப்பு என் இடுப்பில் தெரியாது. 89 கிலோவில் இருக்கிற ஒருத்தி 105-க்குப் போகாமல் தன்னைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம், யாருக்குத் தெரியும்?

வாரிசு இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டுவது எங்கள் பக்கம் காலங்காலமான வழக்கம். அப்படிச் சுவீகாரம் வந்த பிள்ளையை எத்தனை நெய்யும் பாலும் ஊட்டி வளர்த்தாலும் பெத்த வீட்டுச் சாடை போகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதையேதான் 1986-ல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் அவர் கூட்டாளிகளும் டென்மார்க்கில் சுவீகாரம் போன 540 பேரை வைத்து ஆராய்ந்து சொன்னார்கள். வளர்ந்தபின் அவர்கள் ஒல்லியா குண்டா என்பது பெற்றவர்களின் உடம்போடு ஒத்துப்போனது, வளர்த்தவர்களின் உடம்போடு ஒத்துப்போகவில்லை. சாடையை நம்புகிற நாம், மூக்கு வந்த வழியில்தான் உடம்பும் வருகிறது என்று ஏன் நம்ப மறுக்கிறோம்?

பரம்பரை மட்டுமே காரணம் என்றும் நான் சொல்லவில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேருக்கு எடை அதிகம். 2019-21-ல் அது 40.4. ஆண்களில் 28.2 இருந்தது 37 ஆனது. பரம்பரை ஐந்து வருடத்தில் மாறாது. அதேபோல, ஐந்தே வருடத்தில் ஒரு மாநிலம் முழுவதும் ஆணும் பெண்ணுமாக மன உறுதியை இழந்துவிட்டார்கள் என்றால் அதையும் நம்ப முடியுமா? உடம்பு அதேதான், அதைச் சுற்றி இருப்பதுதான் மாறியது. எங்கள் அப்பத்தா ஊரணியிலிருந்து குடம் சுமந்தார், ஆட்டுக்கல்லில் மாவாட்டினார். அதிரசமும் தேன்குழலும் சீப்புச்சீடையும் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும்தான் வீட்டில் ஆள் வைத்துச் சுட்டார்கள். இன்றைக்கு வருடம் முழுவதும் பாக்கெட்டில் கிடைக்கிறது. (அதைச் சுட்டு விற்றுத்தான் இந்தப் பக்கம் எத்தனையோ பெண்கள் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள், அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை.) பிள்ளைகளுக்கு ராத்திரி எட்டு மணி வரை டியூஷன். திரும்புகிற வழியில் பரோட்டாக் கடை, பேக்கரி. விளையாட இடமில்லை, நேரமும் இல்லை. இவற்றையெல்லாம் வைத்தவர்கள் நாம், பழியைச் சுமப்பவள் 14 வயசுப் பிள்ளை.

எங்கள் வீட்டு வளவில் ஐயாவின் ஐயா படம் மாட்டியிருக்கிறது. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போய்த் திரும்பியபின் எடுத்தது. வைரக் கடுக்கன், விரிந்த தோள், வேட்டிக்கு மேல் நன்றாகத் தெரிகிற தொந்தி. வருகிறவர்கள் எல்லாம் "என்னா கம்பீரம்!" என்கிறார்கள். பக்கத்தில் அதே பருமனில் அவர் மனைவி. அவரைப் பார்த்து இன்றுவரை யாரும் கம்பீரம் என்று சொல்லிக் கேட்டதில்லை. இப்போது வரன் பார்க்கிற வாட்ஸப் குழுக்களில் பெண்ணுக்கு மட்டும் முழு உருவப் படம் கேட்கிறார்கள். மாப்பிள்ளைக்கு முகம் தெரிந்தால் போதும்.

என்னை மிகவும் பாதித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் உறவில் ஒரு பெண். மனநலத்துக்கு மாத்திரை எடுத்தாள். மாத்திரையால் நன்றாகத் தேறி, வேலைக்கும் போனாள். அந்த வகை மாத்திரைகளில் சிலவற்றுக்குப் பசியைக் கூட்டி எடையை ஏற்றுகிற குணம் உண்டு. ஒரு வருடத்தில் 20 கிலோ ஏறியது. ஒரு சாந்திக் கல்யாணத்தில் (அறுபதாம் கல்யாணம்) நாலு பேர் சுற்றி நின்று "என்னடி இப்படி ஊதிட்ட" என்றார்கள். காரணத்தை அவளால் அங்கே சொல்ல முடியுமா? வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிட்டாள், யாரிடமும் சொல்லாமல். மூன்று மாதத்தில் நிலைமை மோசமாகி மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. அந்த நாலு பேருக்கும் இன்றுவரை இது தெரியாது. தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு, இன்சுலின் என்று எடைக்குப் பின்னால் எத்தனையோ இருக்கும். கேட்கிற உரிமை நமக்கு இல்லை, சொல்கிற கட்டாயம் அவர்களுக்கும் இல்லை.

படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை. மூச்சு வாங்குகிறது என்று மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு இரண்டு வருடம் போனேன். ஒவ்வொரு முறையும் "வெயிட்டைக் குறைங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். வேறொரு டாக்டர் ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் வெறும் 6.8, கடுமையான ரத்தசோகை. கர்ப்பப்பைக் கட்டியால் மாதாமாதம் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. என் எடைக்குப் பின்னால் வேறு எதையும் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது எடை குறைக்க ஊசி வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி, இரண்டும் இந்தியாவுக்கு வந்தன. வாரம் ஒன்று. நான் போட்டுக்கொள்ளவில்லை, போட்டுக்கொள்வதும் வேண்டாம் என்பதும் அவரவரும் அவரவர் டாக்டரும் முடிவு செய்ய வேண்டியது. குமட்டல், வாந்தி உண்டு, நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும். தெரிந்த ஒரு பெண் போட்டுக்கொள்கிறாள். "நாள் முழுக்க மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்த சாப்பாட்டு நெனப்பு நின்னுருச்சு. மத்தவங்களுக்கெல்லாம் இப்படித்தான் அமைதியா இருக்குமா?" என்று என்னிடம் கேட்டாள். அவளையும் "குறுக்கு வழி" என்கிறார்கள். குறைக்காவிட்டால் பொறுப்பில்லை, குறைத்தால் ஏமாற்று வேலை. ஒரு ஹார்மோன் ஊசி அடக்கிவிடக்கூடிய பசியை இத்தனை நாள் ஒழுக்கக்கேடு என்று சொல்லிவந்தோமே, அதற்கு யார் பதில் சொல்வது?

வருகிற ஆவணியில் எங்கள் வீட்டிலேயே அண்ணனுக்குச் சாந்தி. அந்த ஆச்சிக்கு நானே நேரில் போய்ச் சொல்வேன், அழைப்பையும், இதையும். "நீங்க எனக்குப் பத்தியம் பாத்தவங்க ஆச்சி, உங்ககிட்ட எனக்குக் கோபமில்ல. ஆனா எம் புள்ளை இலையைப் பத்தி இனி யாரும் பேசக்கூடாது" என்று. பந்தியில் நானே நின்று பரிமாறப் போகிறேன்.

கல்யாணம் முடிந்து இத்தனை மாதமாகிவிட்டது. என் மகள் பள்ளிக்கு எடுத்துப்போகிற டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால், பசிக்கலைத்தா என்கிறாள். இன்றைக்கும் அப்படித்தான் வந்தது.