"தூக்கித் தூக்கிப் பழக்காதடி"

மகளுக்கு அப்போது மூன்று மாதம். ராத்திரி இரண்டு மணி இருக்கும். சிணுங்கல் கேட்டதுமே தொட்டிலிடம் ஓடிவிட்டேன். அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல்: "தூக்கித் தூக்கிப் பழக்காதடி. கொஞ்சம் அழட்டும், அதுவா தூங்கிடும்."

"இப்போல்லாம் அப்படி அழ விடக்கூடாதும்மா" என்றேன், என்னமோ அதை நானே ஆராய்ந்து கண்டுபிடித்த தோரணையில்.

உண்மையில் நான் என் காலத்து மருத்துவர் சொன்னதைச் சொன்னேன், அம்மா தன் காலத்தில் காதில் விழுந்ததைச் சொன்னாள். 1928இல் ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் தாய்மார்களுக்குச் சொன்ன புத்திமதி தெரியுமா? குழந்தையைக் கட்டிப்பிடிக்காதே, முத்தம் கொடுக்காதே, மடியில் உட்கார வைக்காதே. மனசு கேட்காவிட்டால் தூங்கப் போகும்போது நெற்றியில் ஒரே ஒரு முத்தம். காலையில் கைகுலுக்க வேண்டும். பெற்ற பிள்ளையோடு கைகுலுக்கல்! அதை அன்றைக்கு அறிவியல் என்றுதான் படித்தார்கள்.

1946இல் பெஞ்சமின் ஸ்போக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வந்து, உங்களை நம்புங்கள், கொஞ்சலாம், தப்பில்லை என்றார். தாய்மார்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ஆனால் அதே ஸ்போக்தான் 1950களின் இறுதியில், மல்லாந்து படுத்தால் வாந்தி தொண்டையில் அடைக்கும், குப்புறப் படுக்க வையுங்கள் என்றும் எழுதினார். மேலை நாடுகளில் லட்சக்கணக்கானோர் அப்படியே செய்தார்கள். குப்புறப் படுக்கும் சிசுக்களுக்குத் தூக்கத்திலேயே திடீர் மரணம் வரும் ஆபத்து அதிகம் என்பது பிற்பாடுதான் உறுதியானது. அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரமே நடத்தினார்கள். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதற்கு முன்னால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர்கள் அலட்சியமானவர்கள் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டவர்கள்.

அதனால்தான் "உன்னையும் அப்படித்தானே வளர்த்தேன், உனக்கென்ன ஆச்சு?" என்ற கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. ஏதாவது ஆனவர்கள் வந்து பதில் சொல்ல மாட்டார்களே. தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டும் இணை உணவு விஷயத்திலும் எங்களுக்குள் இதே சண்டைதான். அம்மா நாலாம் மாதமே ஊட்டினாளாம். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கலாம் என்பதுதான் அன்றைய வழிகாட்டல். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்று உலக சுகாதார நிறுவனம் மாற்றியது 2001இல். அவள் செய்தது தப்பும் இல்லை, நான் கேட்டது தப்பும் இல்லை.

சரி, தகவல் மட்டுமா மாறியது? பயமும் மாறியிருக்கிறது. காய்ச்சல், எடை, பரீட்சை மார்க் என்று அம்மாவின் பயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கோ, பிள்ளையின் மனசில் கீறல் விழுந்துவிடுமோ என்றுதான் பயம். எத்தனை மணிக்குப் பால், எத்தனை நிமிஷம் தூக்கம் என்று செயலியில் குறித்துக்கொண்டே இருப்பேன். நான் நல்ல அம்மாதானா என்று ஒருநாளில் எத்தனை தடவை என்னையே கேட்டுக்கொள்கிறேனோ தெரியாது. அம்மாவிடம் கேட்டால், "அதையெல்லாம் யாருடி யோசிச்சா?" என்கிறாள்.

ஆனால் எல்லாவற்றையும் "அந்தக் காலம் அப்படி" என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. என்னை அடித்திருக்கிறாள், ஸ்கேலால். அடிக்காத ஆளே அன்றைக்கு இல்லை என்பாள். ஸ்வீடன் 1979லேயே, பெற்றோர் அடிப்பதையும் சேர்த்துத்தான் சட்டம் போட்டுத் தடை செய்தது. மாற்றி யோசித்தவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். அந்த அடிகளுக்கு மட்டும் தலைமுறையைச் சாக்கு சொல்ல விடமாட்டேன். அதே போல, பால் கொடுக்கும்போதுகூட போனிலிருந்து கண்ணை எடுக்காத என்னையும் யாரும் தலைமுறையைச் சொல்லித் தப்பவிட வேண்டாம்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். அரை மணி நேரம் தூக்கி நடந்தும் அழுகை நிற்கவில்லை. அம்மா எழுந்து வந்து ஒன்றும் பேசாமல் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு, முதுகைத் தட்டிக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டது. அப்புறமும் கீழே விடவில்லை.

"தூக்கிப் பழக்கக்கூடாதுன்னு சொன்னியேம்மா?"

"அப்போ எனக்கு அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும்டி" என்றாள், நடையை நிறுத்தாமல். "இப்போ என்னை யார் எழுப்பப் போறா?"