பில் அவரிடம், போன் என்னிடம்
காவல் நிலையப் புகார் நகல் கேட்பதால் தொலைந்த போன்களை நெட்வொர்க் கிடைக்காமல் முடக்கும் அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் பொய்ப் புகார் நுழையாது என்கிறது உங்கள் கட்டுரை. எனக்கு நடந்தது வேறு. கோத்தகிரியில் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய போன் ஒன்றை 7,000 ரூபாய்க்கு வாங்கினேன். போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அது முடக்கப்பட்டதா என்று சொல்லும் 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியும் பார்த்தேன், அன்றைக்குச் சுத்தம். மூன்றாம் மாதம் சிக்னல் போனது. மழையும் மூடுபனியுமாக இருந்ததால், இங்கே இது சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் வேறு ஓடியது. அப்புறம் அதே சிம்மை மனைவியின் போனில் போட்டால் நாலு கோடு! சிம்மில் கோளாறு இல்லை, போனைத்தான் முடக்கியிருக்கிறார்கள். விற்ற மனிதரே போன் தொலைந்துவிட்டதாகப் புகார் கொடுத்திருக்கிறார், பில் அவர் பெயரில்தானே இருக்கிறது. தடையை நீக்கவும், முடக்கச் சொல்லிப் பதிந்தபோது கிடைத்து அவர் கையில் உள்ள கோரிக்கை எண்தான் வேண்டுமாம். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிய பிறகுதான் மனிதர் இறங்கி வந்தார்.