தண்ணியே ஏறாத தொட்டி சுத்தமாகத்தான் இருக்கும்

ஊராட்சி மேல்நிலைத் தொட்டியின் தூணில் "சுத்தம் செய்த நாள்", "அடுத்து சுத்தம் செய்யும் நாள்" என்று கட்டம் போட்டு எழுதியிருப்பார்களே, அந்தத் தேதி எப்படி வருகிறது என்று இன்று காலை கண்ணால் பார்த்துவிட்டேன். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒரு பெயின்டர் வந்தார். வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து, தூரத்தில் வைத்துப் படித்தார். தூணுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழைய தேதி மேல் வெள்ளை அடித்தார். காயட்டும் என்று ஒரு பீடி. காய்ந்ததும் நீலத்தில் புதுத் தேதி. கையெழுத்து அவ்வளவு அழகு, குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு சிக்கல், அவர் எழுதியது நாளைய தேதி.

"அண்ணா, நாளைக்குத் தேதிய இன்னிக்கே எழுதறீங்களே?"

"நாளைக்கு ஆபீசர் வர்றாராம் சார். அப்ப எழுதுனா ஈரமா இருக்கும்ல?"

நியாயம்தானே! சரி, தொட்டியை யார் கழுவப் போகிறார்கள் என்று கேட்டேன். "அது எனக்கெப்படி சார் தெரியும்? சீட்டுல இருக்கறத எழுதறேன்." அண்ணாந்து பார்த்தேன். ஏணியின் கீழ்ப்படிகள் துருப்பிடித்து உதிர்ந்து எத்தனையோ காலமாகிறது. மேலே மூடி இருக்கிறதா இல்லையா என்பது காக்காய்க்குத்தான் தெரியும். ஆனால் ஒன்று, தண்ணியே ஏறாத தொட்டி சுத்தமாகத்தானே இருக்கும்? அந்த வகையில் அந்தத் தேதி பொய்யில்லை.

முதல் கட்டம் முடிந்து இரண்டாவது கட்டத்துக்கு வந்தவர் டப்பாவைக் கிண்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், ஒரு சொம்பு தண்ணி கிடைக்குமா? பெயின்ட் கெட்டியாயிடுச்சு."

தொட்டிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு! என்னிடம்! உள்ளே போய் 30 ரூபாய் கேனைச் சாய்த்து ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தேன். வெயிலில் வேலை செய்கிற மனிதர், இல்லையென்றா சொல்வது? பாதியைக் குடித்தார், மீதியை டப்பாவில் ஊற்றிக் கலக்கினார். ஆக, எங்கள் ஊர்த் தொட்டி பராமரிக்கப்படுகிறது என்கிற அறிவிப்பு, நான் காசு கொடுத்து வாங்கிய தண்ணியில் கரைத்து எழுதப்பட்டிருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தக் கேன் கதையை விளக்க வேண்டியதில்லை. நம் கறை பிடித்த பல்லே சொல்லும், எல்லாம் போர்வெல் தண்ணியில் இருக்கிற புளோரைடு செய்த வேலை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் அந்தத் தண்ணி குடிக்க ஆகாது. காய்ச்சினாலும் போகாது, சுண்டச் சுண்ட இன்னும் கூடும். அதற்காகத்தான் ஜப்பானிடம் கடன் வாங்கி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் திறந்தார்கள். காவிரித் தண்ணியை யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, மடத்தில் இருக்கும் பெரிய தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து இரண்டு மாவட்டத்துக்கும் அனுப்புகிற வேலை. சாதாரண விஷயமில்லை, கையெடுத்துக் கும்பிடலாம். அவ்வளவு மேடு ஏறி வந்த காவிரி எங்கள் ஊர்த் தரைத்தொட்டிக்கும் வந்துவிடுகிறது. அங்கிருந்து இந்த நான்கு தூண் உயரம் ஏறத்தான் வழியில்லை.

ஏன்? மோட்டார். ஆபரேட்டருக்குப் போன் போட்டால், "காயில் போச்சுண்ணா, கட்டக் குடுத்திருக்கு." கொஞ்ச நாள் கழித்துக் கேட்டால், "காயில் ரெடி, ஸ்டார்ட்டர் போச்சு." அப்புறம் கேட்டால், "ஸ்டார்ட்டர் வந்துடுச்சுண்ணா, மெக்கானிக்தான் மோட்டாரத் தரமாட்டேங்கறாரு. போன தடவ கட்டுனதுக்கே இன்னும் பில் பாஸாகலையாம்." மோட்டாரைப் பணயக் கைதியாகப் பிடித்து வைத்திருக்கிறார் மனிதர்! உபரியாக ஒரு மோட்டார் வாங்கி வைக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. புதுத் தொட்டி என்றால் பூஜை, கல்வெட்டு, போட்டோ எல்லாம் உண்டு. காயில் கட்டுவதற்கு யார் கல்வெட்டு வைக்கப் போகிறார்கள்?

அதுவரைக்கும் மக்கள் தாகத்தில் தவிக்கக் கூடாதல்லவா, அதனால் பழைய போர்த் தண்ணியை நேராக லைனில் திறந்துவிடுகிறார்கள். அதே குழாய், அதே புளோரைடு. தொட்டிக்குப் போகாததால், குளோரினுக்காகக் கலக்கும் ப்ளீச்சிங் பவுடரும் கிடையாது. கடைசி வீட்டுக் குழாயில்கூட லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டுமாம். அதைப் பார்க்கிற சோதனைப் பெட்டி பீரோவில் பத்திரமாக இருக்கிறது, பிரித்த அடையாளமே இல்லை.

அந்தக் கடைசி வீடு என் வீடு. முதல் தெருவில் ஆளுக்கொரு மோட்டாரைக் குழாயில் நேராக மாட்டி உறிஞ்சுகிறார்கள். எனக்குப் புஸ்ஸென்று காற்று. நடுவில் கேபிள் பதிக்க வந்த ஜேசிபி உடைத்துவிட்டுப் போன இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றி வைத்திருக்கிறார்கள், சாக்கடைக்குப் பக்கத்திலேயே. லைனில் அழுத்தம் இல்லாதபோது இப்படி உறிஞ்சினால் அந்தச் சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும் என்று சொன்னால், "நாங்க மட்டுமா வெக்கறோம்?" என்கிறார்கள். சரிங்க, சாக்கடையைச் சேர்ந்தே குடிப்போம்.

ஆபரேட்டரைத் திட்டவும் மனசு வரவில்லை. தொட்டி, வால்வு, தெருவிளக்கு எல்லாம் அந்த ஒரு ஆள் தலையில். அவர் வாங்கும் சம்பளம் பெட்ரோலுக்கே போதாது.

வீட்டுக்கு வீடு குழாய் போடுகிற மத்திய அரசுத் திட்டமான ஜல் ஜீவன் குழாய் வேறு இருக்கிறது வாசலில். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. ஆதார் எண் வாங்கினார்கள், என்னைக் குழாயோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். கம்பம் நல்ல கெட்டியாகத்தான் நட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா அதில் ஆட்டைக் கட்டுகிறார்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் எழுந்து கேட்கவும் செய்தேன். "நோட்ல ஏத்தியாச்சு, உக்காருங்க" என்றார்கள். மோட்டார் ஏற்றாததை நோட்டாவது ஏற்றியதே. கூட்டம் முடிந்து எல்லோருக்கும் பாக்கெட் தண்ணி கொடுத்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது, சத்தியமாக அடக்க முடியவில்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் போகட்டும். இந்தக் கேன் போடுகிற தம்பி இருக்கிறானே, மூன்று 10 ரூபாய் நாணயம் கொடுத்தால் "செல்லாதுண்ணா" என்கிறான். செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை தடவைதான் சொல்லும்? டீக்கடையில் வாங்குவதில்லை, பஸ்ஸில் வாங்குவதில்லை, மளிகைக் கடையில் வாங்குவதில்லை. சரி, யாருமே வாங்குவதில்லை என்றால் எனக்கு மட்டும் மிச்சச் சில்லறை என்று எங்கிருந்துடா எடுத்துக் கொடுக்கிறீர்கள்?