மழலையர் வகுப்புக்குள் ஒரு தமிழ் உதவியாளர் வேண்டும்

கோயிலில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்கு நன்கொடை கேட்டால் பர்மாத் தமிழர்களாகிய நாம் முகம் சுளிப்பதில்லை. அரிச்சுவடி வாங்குவதற்கும் ஆண்டுவிழா நடத்துவதற்கும் தாராளமாகவே கொடுக்கிறோம். ஆனால் அதே பிள்ளை மறுநாள் காலை அரசுப் பள்ளியில், சயாமா (பர்மிய ஆசிரியை) பேசுவது ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றி எந்த நிர்வாகக் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. தமிழைக் கற்பிப்பது ஒரு வேலை. பள்ளிப் பாடத்தைத் தமிழின் துணையோடு புரியவைப்பது வேறொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ரங்கூனில் வளரும் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. அவர்கள் தெருவிலேயே பர்மியம் பேசிப் பழகிவிடுகிறார்கள். அவர்களுக்குத் தமிழ்தான் கைநழுவுகிறது. நான் சொல்வது பெகுப் பக்கத்திலும் மோன் மாநிலத்திலும், வீட்டிலும் வயலிலும் தமிழே புழங்கும் ஊர்களில் பிறந்து, ஐந்து வயதில் மழலையர் வகுப்பில் சேரும்போதுதான் முதன்முதலாக நாள் முழுவதும் பர்மியம் கேட்கும் பிள்ளைகளைப் பற்றி.

தேவைப்படும் இடத்தில் பர்மியத்தோடு இனமொழி ஒன்றையும் அடிப்படைக் கல்வியில் பயிற்றுமொழியாகப் பயன்படுத்தலாம் என்று 2014ஆம் ஆண்டின் தேசியக் கல்விச் சட்டம் இடம் தந்தது. அதன் பிறகு கல்வி அமைச்சு இனமொழி ஆசிரியர்களையும், அந்த மொழி தெரிந்த வகுப்பு உதவியாளர்களையும் நியமித்தது. அதில் நமக்குப் பங்கில்லை, ஏனென்றால் அரசு ஏற்றுள்ள 135 இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை. 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1823க்கு முன்பே இங்கு நிலைத்திருந்த இனங்களையே மண்ணின் இனங்களாகக் கொள்கிறது. அந்தப் பட்டியல் சரியா தவறா என்ற வழக்கு நம் ஆயுளில் தீராது. அது தீரும்வரை ஐந்து வயதுப் பிள்ளையைக் காக்க வைக்க முடியாது என்பது மட்டுமே என் வாதம்.

உதவியாளர் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் பாடத்தைக் கவனித்தால் போதும். பர்மியத்தில் எண்ணைச் சொல்லி நிறுத்திவிட முடியாது. எண்ணுவது மனிதரானால் 'யௌ', விலங்கானால் 'கௌங்', பொதுவான பொருளானால் 'கு' என்று ஒரு சொல் ஒட்டிவர வேண்டும். தமிழில் ஆட்களை எண்ணும்போது 'பேர்' என்கிறோமே தவிர, நாய்க்கும் நாற்காலிக்கும் மூன்று மூன்றுதான். படத்திலுள்ள நாய்கள் எத்தனை என்று சயாமா கேட்கிறார். பிள்ளைக்கு மூன்று என்று தெரியும், பர்மியத்தில் மூன்று சொல்லவும் தெரியும், ஆனால் பின்னால் எதை ஒட்டுவது என்று தெரியாமல் விழிக்கிறது, அல்லது நாயைப் பொருளாக்கிச் சொல்லிவிடுகிறது. வகுப்பு சிரிக்கிறது. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று சயாமா முடிவு செய்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இங்கே தடுக்குவது கணக்கில்லை, பேச்சுதான் என்று இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரால் மட்டுமே பிரித்துச் சொல்ல முடியும். உதவியாளரின் முதல் வேலையே இதுதான் என்பேன்.

ஆனால் சயாமா சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனுக்குடன் தமிழாக்கிக்கொண்டிருப்பது உதவியாகாது. தமிழ் எப்படியும் வரப்போகிறது என்று தெரிந்தால் பிள்ளை பர்மியத்துக்குக் காதே கொடுக்காது. பாடத்துக்கு முன் இன்று எதைப் பார்க்கப்போகிறோம் என்பதைத் தமிழில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பாடம் பர்மியத்தில் நடக்கும்போது ஒதுங்கியிருந்து, முடிந்ததும் பிள்ளையைத் தமிழில் பேசவிட்டு என்ன விளங்கியது என்று அறிந்துகொள்வதே பயன்தரும் முறை. வகுப்பைப் பெருக்கவும் தேநீர் வாங்கிவரவும் உதவியாளரை அனுப்பும் பள்ளிக்கு உதவியாளரே தேவையில்லை.

"பர்மாப் பேச்சு படிக்கத்தானே அக்கா பள்ளிக்கூடம் அனுப்புறோம், அங்கேயும் தமிழா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான அச்சம்தான், ஏனென்றால் பள்ளியிறுதி அரசுத் தேர்வை எழுதப்போவது பெரும்பாலும் பர்மியத்தில். ஆனால் அவருக்குச் சொல்ல நம் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மோன் இனத்தவர் நடத்தும் மோன் தேசியப் பள்ளிகள் தொடக்க வகுப்புகளை மோன் மொழியில் நடத்தி, பர்மியத்தைப் பாடமாகக் கற்பித்து, நடுநிலை வகுப்புகளில் பர்மிய வழிக்கு மாறுகின்றன. பிறகு அதே அரசுத் தேர்வுக்குத்தான் பிள்ளைகளை அனுப்புகின்றன. நாம் கேட்பது அதில் கால்வாசிகூட இல்லை. மழலையர் வகுப்பிலும் முதல் வகுப்பிலுமாக இரண்டு ஆண்டுகள், ஒரு உதவியாளர். மூன்றாம் ஆண்டிலும் அவர் பின்னாலேயே பிள்ளை நின்றால், உதவியில் ஏதோ கோளாறு என்று பொருள்.

1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது போன தமிழ்ப் பள்ளிகளைப் பற்றி இன்றும் பெருமூச்சு விடுகிறோம். அவை திரும்பப்போவதில்லை. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆசிரியர்களே போதாத பள்ளிகள் பல இருப்பதால், கூடுதலாக ஒரு கை வந்தால் வேண்டாம் என்று சொல்லும் தலைமையாசிரியர் அரிது. உள்ளூரிலேயே பத்தாவது முடித்து, இரண்டு மொழியும் சரளமாகப் பேசும் பெண் பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதைக் கோயில் நிர்வாகம் ஏற்றுக்கொண்டு, 'பாடம் உங்களுடையது, நாங்கள் உதவிக்கு மட்டும்' என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். ஜூனில் பள்ளி திறப்பதால், சம்பளப் பணத்தை ஏப்ரலுக்குள் ஒதுக்கிவிட்டால் அந்தப் பெண் மே மாதம் முழுவதும் சயாமாவோடு அமர்ந்து பாடநூலைப் பார்த்துவிடலாம்.