ஈரானைப் பார்த்த பிறகுமா?
முஸ்லிம் நாடுகளில் ஒரு பெண் எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்பதை மதமே தீர்மானிக்கிறது என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஈரானில் 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல். ஏறக்குறைய இருபதே ஆண்டுகளில் அது இரண்டாகச் சுருங்கியது. அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் மதகுருமார்கள்தாம்! ஈராக்குடனான போர் ஓய்ந்த மறு ஆண்டே, 1989இல், குடும்பக் கட்டுப்பாட்டை மீண்டும் கொண்டுவந்தார்கள். கருத்தடைச் சாதனங்கள் கிராமச் சுகாதார நிலையங்கள்வரை இலவசமாகப் போய்ச் சேர்ந்தன, திருமணத்துக்கு முன் வகுப்பும் கட்டாயமானது. பெண்களின் படிப்பும் கூடவே உயர்ந்தது. என் கணிப்பில் அதுதான் பெரிய காரணம். இன்று அதே அரசு தலைகீழாகத் திரும்பி, 2021இல் சட்டமே போட்டு, நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறது. கடன், சலுகை எல்லாம் உண்டு. பெண்கள் அசைவதாகத் தெரியவில்லை. பிறப்பு குறைந்த முஸ்லிம் நாடான வங்கதேசத்தை வெறும் விதிவிலக்கு என்கிறார், இங்கே கருத்து எழுதிய இன்னொரு வாசகர். அப்படியே பிறப்பு குறைந்த துருக்கியும் துனிசியாவும்கூட விதிவிலக்குதானா?