பத்திரிகை யார் கையில் என்று கேட்டால் ஏன் இவ்வளவு கோபம்?

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில், பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய பேச்சில் நடந்ததைப் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) காணொளி வந்திருக்கும். அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. "குட்டிக் குட்டித் தீவு நாட்டுக்கெல்லாம் பத்திரிகைச் சுதந்திரம் ஒரு கேடா? அங்கே ஆளுக்கு ஆள் தெரியும். பத்திரிகை எவன் கையில் இருந்தால் என்ன?" என்று அங்கே பேசிய ஐயா ஒருவர் கேட்டார். மண்டபமே கைதட்டியது. நான் எழுந்து பதில் சொல்லப் போனபோது, "உட்காரும்மா, சாப்பாடு ஆறுது" என்றார்கள். அதற்கும் கைதட்டல்.

இன்னும் மனசு ஆறவில்லை. அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

பத்திரிகை யார் கையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஊர் சின்னதாக ஆக ஆக அந்தக் கேள்வி பெரிதாகும். பத்துப் பத்திரிகை ஓடும் நாட்டில் ஒன்றின் வாயை அடைத்தால் மற்றது பேசும். இரண்டோ மூன்றோ இருக்கும் தீவில் ஒரு முதலாளியை மடக்கினால் வேலை முடிந்தது.

ஃபிஜியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சனமும் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன ஊர்தான். மொத்த மக்களே ஒன்பது லட்சத்துக்குப் பக்கம். அங்கே 'ஃபிஜி டைம்ஸ்' 1869-இலிருந்து வருகிறது. 2006-இல் ராணுவத் தளபதி பைனிமராமா ராணுவத்தோடு ஆட்சியைப் பிடித்தார். 2009 ஏப்ரலில் அரசியலமைப்பைத் தூக்கி எறிந்த கையோடு, செய்தி அறைக்குள்ளேயே தணிக்கை அதிகாரிகளை உட்கார வைத்தார்கள். அந்தப் பத்திரிகை, வெட்டப்பட்ட செய்திகளின் இடத்தை வெள்ளையாகவே விட்டு அச்சடித்தது. 2010-இல் ஒரு ஆணை வந்தது: ஊடகத்தில் வெளிநாட்டவர் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதுவரை அதை வைத்திருந்த வெளிநாட்டு ஊடக முதலாளி மர்டோக்கின் நிறுவனம் 'ஃபிஜி டைம்ஸை' உள்ளூர் மோதிபாய் குழுமத்துக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது. அரசாங்க விளம்பரம் போட்டிப் பத்திரிகைக்குத் திரும்பியது. அந்தச் சட்டத்தை 2023-இல்தான் நீக்கினார்கள். 13 வருடம் ஒரு நாடே வார்த்தையை எண்ணி எண்ணி எழுதியது.

"மர்டோக் என்ன உத்தமரா? அந்நியன் போனது நல்லதுதானே" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். மர்டோக்கைத் தாங்கிப் பேச நான் வரவில்லை. அந்நிய முதலைத் தடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், அதே ஆணையில் செய்தியாளருக்கு இரண்டு வருடம் வரை சிறை எதற்கு? நிறுவனத்துக்கு ஒரு லட்சம் ஃபிஜி டாலர் வரை அபராதம் எதற்கு? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் நாட்டுப்பற்று பேசுங்கள்.

பசிபிக் தீவு நாடான நவ்ரு இன்னும் சின்னது, பன்னிரண்டாயிரம் பேர் இருக்கலாம். 2014-இல் வெளிநாட்டுச் செய்தியாளர் விசாவுக்கான கட்டணத்தை 200 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 8,000-க்கு ஏற்றினார்கள். விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது. ஆஸ்திரேலியா அனுப்பிய அகதிகள் அடைபட்டிருந்த தீவு அது. யார் பார்த்துவிடக் கூடாது என்று பயந்தார்கள், சொல்லுங்கள்.

"ஆளுக்கு ஆள் தெரியும்" என்றாரே ஐயா, ஐரோப்பியத் தீவு நாடான மால்டாவில் செய்தியாளர் டாப்னி கருவானா கலீசியாவைத் தெரியாதவர் இல்லை. அங்கே இரண்டு பெரிய கட்சிகளும் சொந்தமாகத் தொலைக்காட்சி நடத்துகின்றன. அவர் தன் வலைப்பூவில் தனியாளாக எழுதினார். 2017 அக்டோபர் 16-ஆம் தேதி காரில் வெடிகுண்டு வைத்துக் கொன்றார்கள். ஆளைத் தெரிந்திருப்பது அவரைக் காப்பாற்றவில்லை.

"சின்ன நாட்டில் வாசகரும் இல்லை, விளம்பரமும் இல்லை, அரசாங்கம் கைகொடுக்காமல் பத்திரிகை எப்படிப் பிழைக்கும்?" என்ற கேள்வி மட்டும் நியாயமானது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வருகிறது. அதை நடத்தும் எஸ்பிஎச் மீடியாவுக்கு ஆண்டுக்கு 180 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி வரை அரசாங்கம் தருவதாகச் சொன்னது. இங்கே மலேசியாவில் 1924-இல் பிறந்த நம் 'தமிழ் நேசன்' 2019-இல் மூடப்பட்டது. அந்தக் காசு எனக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சிங்கப்பூரில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் 'நிர்வாகப் பங்கு' என்று ஒன்றை வைத்திருக்கிறது. இயக்குநரையோ ஊழியரையோ நியமிக்கும், நீக்கும் வாக்கெடுப்பில் அதில் ஒன்றுக்கு 200 ஓட்டு. அதை யார் வைத்திருக்கலாம் என்பதற்கு அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும். காசு வரும் கையும் கடிவாளம் பிடிக்கும் கையும் ஒன்றானால் ஆசிரியர் என்ன செய்வார்?

எனக்கு இது ஏட்டுப் பாடமில்லை. கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் நிருபராக இருந்தேன். பெயர் வேண்டாம். தோட்டத்தை விற்ற பிறகு வீடு கிடைக்காமல் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே தவித்த குடும்பங்களைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். கூரை ஒழுகும் இடத்தில் பால் டின் வைத்திருந்த பாட்டியின் படமும் இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் பக்கம் முடிந்து அச்சுக்குப் போகிற நேரம் மேலிடத்திலிருந்து ஒரு போன். வடிவமைப்பாளர் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே செய்தியைத் தூக்கினார். அந்த இடத்தில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகரின் பிறந்தநாள் வாழ்த்து, மாலை போட்ட படத்தோடு. காலையில் அந்தப் பாட்டி கூப்பிட்டார். "பேப்பர் வாங்கிட்டோம்மா, நம்ம செய்தி எந்தப் பக்கம்?"

போலீஸ் வரவில்லை, எந்தச் சட்டமும் பாயவில்லை. 1987-இல் அரசாங்கம் பலரைக் கைது செய்த ஒப்பராசி லாலாங் நடவடிக்கையில் மூன்று பத்திரிகைகளின் அனுமதியைப் பறித்ததை இன்றும் பேசுகிறோம். அந்த இரவு நடந்ததை யார் பேசுவார்கள்? முதலாளியின் ஒரு போன் போதுமாக இருந்தது. இதைத்தான் அன்றைக்கு அந்த மண்டபத்தில் சொல்ல எழுந்தேன்.

"நம்ம பத்திரிகைகளையே குறை சொல்கிறாள், இருக்கிறதும் மூடிப்போகட்டும் என்கிறாளா?" என்று சிலர் கிளம்புவீர்கள். மாதச் சம்பளம் தாமதமான போதும் அந்த வேலையை விடாதவள் நான். நம் பத்திரிகைகள் வாழ வேண்டும் என்பதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான். இன்றைக்கு வரும் ஒவ்வொரு தமிழ் நாளிதழும் தன் பங்குகள் யார் பெயரில் இருக்கின்றன, அவருக்கு எந்தக் கட்சியோடும் குத்தகையோடும் தொடர்பு என்று வருடத்துக்கு ஒருமுறை முதல் பக்கத்தில் போடட்டும். அப்படிப் போடும் முதல் பத்திரிகைக்கு நாளைக்கே சந்தா கட்டுகிறேன்.