உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே

மாமல்லபுரத்தில் தொடங்கி முதுகில் பையோடு கடற்கரை கடற்கரையாகச் சுற்றிய தம்பதி, கடைசியில் அந்தப் பெண் வளர்ந்த வீட்டைத் தெருவில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அட, கதவைத் தட்டியிருக்கலாமே!

நானும் மனைவியும் போன மாசியில் இப்படித்தான் கிளம்பினோம். புதுச்சேரியில் ஊரை ஒட்டிய கரையில் பெரும்பாலும் பாறாங்கல், ஒரே நாளில் கிளம்பிவிட்டோம். அப்புறம் கடலூர், சிதம்பரம் என்று பஸ் மாறி மாறி தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை எல்லாரும் படம் எடுக்கிறார்கள், பக்கத்திலேயே கடல் பாதியைத் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில், குலசேகர பாண்டியர் காலத்தது, அதை ஏறிட்டுப் பார்க்கக்கூட ஆளில்லை.

நான் வளர்ந்த வீடு பொறையாறு போகிற வழியில். திண்ணையை இடித்து கிரில் போட்டிருந்தார்கள், எனக்குத் தயக்கம், மனைவிதான் கூப்பிட்டாள். அங்கே இருந்த அம்மா யார் என்னவென்று முழுதாகக் கேட்பதற்குள் "உள்ள வாங்க" என்று மோர் கொடுத்துவிட்டார். கொல்லைக் கிணற்றை மூடிவிட்டார்கள். என் அம்மா துணி துவைத்த கல் மட்டும் அதே இடத்தில், அதே சாய்வோடு கிடந்தது. கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.